லினக்ஸில் மைக் ஏன் ஊமையாகிறது? ஒரு சின்ன வரலாறு

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் நடந்த விழாவில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மாணவர்கள் பலர் லினக்ஸ் என்ற பெயரையே முதலில் பார்த்தது அதில்தான் இருக்கும்.

லினக்ஸில் பாட்டு கேட்கும், படம் ஓடும். மைக்கில்தான் வம்பு. மடிக்கணினியின் மைக் துளை கெட்டுப்போனால் ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிச் செருகுவது மலிவான வழி. செருகினால் விளக்கு எரியும். பதிவில் ஒரு சத்தமும் இருக்காது! கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் விண்டோஸில் போட்டுக் காட்டுவார். நன்றாகவே பேசும். ஆக, குறை கார்டில் இல்லை. அது முப்பது வருடக் கதை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த வருடமே, அவரைப் போலவே பின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு டிரைவர் எழுதினார். அது ஓ.எஸ்.எஸ். ஆனது. அப்போது கார்டு பெட்டிக்குள்ளே இருக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. ஒரு நிரல் அதைப் பிடித்துக்கொண்டால் அடுத்தது காத்திருக்க வேண்டியதுதான்.

1998-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. செக் நாட்டு யரோஸ்லாவ் கிசெலா ஆல்சாவைத் தொடங்கினார். யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொது விதிமுறையும் அதே வருடம் வந்தது. இந்த விதிமுறையால்தான் பெயர் தெரியாத கார்டுக்கும் இன்று லினக்ஸில் தனி டிரைவர் தேடவேண்டியதில்லை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் ஆல்சாவே அதிகாரபூர்வ ஒலி அமைப்பு.

ஆனால் ஆல்சா ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாகக் காட்டியது. மைக்கின் அளவு ஒன்று, பதிவுக்கான சுவிட்ச் வேறொன்று. அளவு நூறு இருந்தும் சுவிட்ச் அணைந்திருந்தால் ஒன்றும் பதிவாகாது. போதாததற்கு, ஒன்றும் சொல்லாவிட்டால் ஆல்சா எடுப்பது பூஜ்யமாவது கார்டை. யு.எஸ்.பி. கார்டு பூஜ்யத்தைப் பிடிக்கக் கூடாது என்று உபுண்டுவின் அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரி உண்டு. அதற்கு மேலுள்ள குறிப்பு, இவற்றை 'இயல்பற்ற' டிரைவர்கள் என்கிறது! ஆக, செருகிய கார்டு ஒரு பக்கம், நிரல் கேட்கும் கார்டு மறுபக்கம்.

அடுத்து லென்னார்ட் போட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ. 2007-ல் ஃபெடோரா 8, 2008-ல் உபுண்டு 8.04 இதை ஏற்றன. அந்தக் காலத்தில் இது வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. உண்மையில் இது நல்ல காரியம்தான் செய்தது: பல நிரல்கள் ஒரே கார்டைப் பகிர முடிந்தது. ஆனால் எந்த நிரல் எந்த மைக்கை முன்பு கேட்டது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். புது மைக் வந்தாலும் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். 2021-ல் ஃபெடோரா 34-ல் அதன் இடத்துக்கு விம் டேமன்ஸின் பைப்வயர் வந்தது. பழைய நிரல்கள் உடையாதபடி பல்ஸ்ஆடியோவின் மொழியையே அதுவும் பேசுகிறது.

எனவே தேடலையும் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். முனையத்தில் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தினால் கார்டுகளின் பட்டியல் வரும். அதில் யு.எஸ்.பி. கார்டு இருந்தால் கெர்னல் அதைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். அதைத் தேர்ந்து, எஃப்4 அழுத்தி, ஸ்பேஸ் விசையால் பதிவு சுவிட்சைப் போடவேண்டும். பிறகு பாவுகண்ட்ரோல் நிரலில், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மைக்கை மாற்றிவிடலாம். மலிவான கார்டுகளின் மைக் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ கேட்டால் நேரடிப் பதிவு மறுக்கப்படும். மோனோ என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

இதற்கும் பேசாவிட்டால் பிளக்கைப் பார்க்கவும். மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது செல்போன் ஹெட்செட். தனி மைக் துளையுள்ள கார்டில் அதை எந்த நிரலாலும் பேசவைக்க முடியாது. இரண்டாகப் பிரிக்கும் அடாப்டருக்கு அதே கடைக்குத்தான் போகவேண்டும்.