ஹகோனே வந்த கதை

எடோ என்று முன்னாளில் வழங்கிய டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரை போன பழைய டோக்கைடோ சாலை சுமார் 490 கி.மீ. நடந்துபோக இரண்டு வாரம் ஆகும். 1601இல் டோகுகாவா இயேயாசு தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி வழிநெடுக 53 தங்கல் ஊர்கள் அமைந்தன.

ஒடவாராவுக்கும் மிஷிமாவுக்கும் நடுவே செங்குத்தான மலை. ஒரே மூச்சில் கடக்க முடியாமல் வழிப்போக்கர்கள் திணறினார்கள். அதனால் 1618இல் மலைமேலேயே ஹகோனே என்ற தங்கல் ஊரைப் புதிதாக ஏற்படுத்தினார்கள். கால் படும் பாட்டைப் பார்த்து ஊர் வைத்திருக்கிறார்கள்!

இன்று புல்லட் ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோவில் இறக்கிவிடுகிறது. அதை நம்பி, பத்து நாளில் ஒன்பது ஊர் என்று மகன் திட்டம் போட்டான். என் மனைவியின் முழங்கால் தாங்க வேண்டாமா? டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ மூன்றே போதும் என்று சொல்லிவிட்டேன். ஹகோனேயில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அங்கே மூன்று ராத்திரி.