'எ' யுனிவர்சிட்டியா, 'ஆன்' யுனிவர்சிட்டியா? குழப்பும் இங்கிலீஷ் கிராமர் கேள்விகள்... தமிழை வைத்தே விடை கண்டுபிடிக்கலாம்!

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என எதற்குத் தயாரானாலும் தமிழ் மீடியத்தில் படித்த பலரும் பயப்படும் பகுதி இங்கிலீஷ்தான். கணக்கில் ஃபார்முலா இருக்கிறது, பொது அறிவை மனப்பாடம் செய்யலாம். ஆனால் நான்கு ஆப்ஷனும் சரி மாதிரியே தெரியும் கிராமர் கேள்வியை என்ன செய்வது?

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், தலா 2 மதிப்பெண். ஒரு விடை தப்பானால் அரை மார்க் போய்விடும். ஐபிபிஎஸ் பிஓ ப்ரிலிம்ஸில் 30 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான். அங்கே ஒரு தப்புக்குக் கால் மார்க் கழியும். குருட்டாம்போக்கில் டிக் அடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

"படிச்சுப் பாரு, காதுக்கு எது சரியா கேக்குதோ அதைப் போடு" என்று சிலர் சொல்வார்கள். வீட்டிலும் பள்ளியிலும் இங்கிலீஷ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சரிப்படும். மற்றவர்களின் காதில் இருப்பது தமிழ். அந்தத் தமிழ் சில இடங்களில் விடையைக் காட்டிக்கொடுக்கும். சில இடங்களில் காலை வாரிவிடும். எது எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

1. 'எ' போடுவதா, 'ஆன்' போடுவதா?

'ஏ, ஈ, ஐ, ஓ, யு வந்தால் ஆன்' என்பது பள்ளியில் படித்த விதி. அதை நம்பி 'ஆன் யுனிவர்சிட்டி' என்று போட்டால் மார்க் போச்சு. சரியான விடை 'எ யுனிவர்சிட்டி'. அதேபோல 'எ அவர்' தப்பு, 'ஆன் அவர்' சரி.

காரணம் ரொம்ப சிம்பிள். ஆங்கிலம் பார்ப்பது எழுத்தை அல்ல, ஒலியை. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' எழுத்தில் 'எச்'சில் தொடங்கினாலும் வாயில் 'அ' என்றுதான் வருகிறது. யுனிவர்சிட்டி 'யு' என்ற எழுத்தில் தொடங்கினாலும் அதன் முதல் ஒலி 'ய்'.

இங்கே தமிழ் கைகொடுக்கும். அந்த வார்த்தையை மனதுக்குள் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் 'ஆன்'. உயிர்மெய்யாக இருந்தால் 'எ'.

* ஆனஸ்ட், எம்எல்ஏ, எஃப்ஐஆர், எக்ஸ்ரே, ஏடிஎம்: உயிரெழுத்து, எனவே 'ஆன்'.
* யுனிவர்சிட்டி, யூஸ்ஃபுல், யூரோப்பியன், யுபிஐ, ஹோட்டல்: உயிர்மெய், எனவே 'எ'.

இது தமிழுக்கும் புதிதல்ல. 'ஓர் ஊர்', 'ஒரு கிராமம்' என்று எழுதும் மரபும் இதே மாதிரிதான். அடுத்து உயிரெழுத்து வந்தால் 'ஓர்', உயிர்மெய் வந்தால் 'ஒரு'.

ஒரு எச்சரிக்கை. சில வார்த்தைகளைத் தமிழில் எழுதும்போது முதல் ஒலி மறைந்துவிடும். 'ஒன்' என்று எழுதுகிறோம், ஆங்கில உச்சரிப்பு 'வன்'. 'உமன்' என்கிறோம், அது 'வுமன்'. 'இயர்' என்கிறோம், அது 'யியர்'. இந்த மூன்றுக்கும் 'எ'தான் வரும். 'எ ஒன்-ருபி காயின்' என்பதே சரி. இன்னொரு பக்கம், பேச்சில் சிலர் எம்எல்ஏவை 'யெம்மெல்லே' என்பார்கள். அதை வைத்து 'எ' போட்டுவிட வேண்டாம்.

2. 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?

'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்' என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. அடுத்து இஸ் வருமா, ஆர் வருமா? பக்கத்தில் மேங்கோஸ் என்று பன்மை இருப்பதால் கை தானாக 'ஆர்' பக்கம் போகும். கேள்வி எடுப்பவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது'. நன்றாக இருப்பது எது? தரம். மாம்பழங்கள் 'இன்' என்ற உருபை ஏற்று ஒதுங்கிவிட்டன. உருபு ஏதும் ஒட்டாமல் தனியாக நிற்கும் சொல்தான் எழுவாய். தரம் ஒருமை, எனவே 'இஸ்'.

இன்னொரு உதாரணம்: 'தி மினிஸ்டர், அலாங் வித் ஹிஸ் அசிஸ்டென்ட்ஸ்' என்று வந்தால் ஹாஸ் அரைவ்டா, ஹாவ் அரைவ்டா? தமிழில், 'அமைச்சர் உதவியாளர்களுடன் வந்தார்'. 'உடன்' ஒட்டிய உதவியாளர்கள் எழுவாய் ஆக முடியாது. மிச்சம் இருப்பவர் அமைச்சர் ஒருவர்தான். எனவே 'ஹாஸ்'.

பலரையும் சுற்றலில் விடும் ஜோடி ஒன்று உண்டு. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'மாணவர்கள் பலர்'. அது பன்மை, 'ஆர்' வரும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'மாணவர்களின் எண்ணிக்கை'. அது ஒருமை, 'இஸ்' வரும்.

இந்த ட்ரிக் ஏன் வேலை செய்கிறது? தமிழில் முக்கியமான சொல் கடைசியில் வரும்: 'மாம்பழங்களின் தரம்'. ஆங்கிலத்தில் அது முதலில் வந்துவிடும், பின்னால் வேறு சொற்கள் வந்து மறைக்கும். தமிழுக்கு மாற்றியதும் மறைந்திருந்த எழுவாய் வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

விதிவிலக்கு: 'நெய்தர்... நார்', 'ஈதர்... ஆர்' வந்தால் தமிழ் உதவாது. அங்கே வினைக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். 'நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடண்ட்ஸ் வேர் ப்ரெசன்ட்' என்பதில் பக்கத்தில் இருப்பது ஸ்டூடண்ட்ஸ், எனவே 'வேர்'.

3. 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே?

'ரெண்டு வருஷமா' என்று சொல்ல முடிந்தால் 'ஃபார்'. '2020ல இருந்து' என்று சொல்ல முடிந்தால் 'சின்ஸ்'. நீளத்தைச் சொன்னால் ஃபார், தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். இதுவரை தமிழ் நம்ம பக்கம்.

சிக்கல் இனிமேதான். 'ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே மாற்றினால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று வரும். தேர்வில் இது தப்பு. அப்போது தொடங்கி இப்போதும் தொடரும் வேலைக்கு 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும்.

இன்னொரு பொறி: 'அந்தப் படத்தை போன வருஷமே பார்த்திருக்கேன்'. தமிழில் தப்பே இல்லை. ஆனால் 'ஐ ஹாவ் சீன் இட் லாஸ்ட் இயர்' தப்பு. முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டால் 'ஹாவ் சீன்' வராது, 'சா'தான் வரும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, இன் 2019 போன்ற சொற்களைக் கண்டதும் உஷாராகிவிடுங்கள்.

4. தமிழ் காலை வாரிவிடும் இடங்கள்

'எரர் ஸ்பாட்டிங்' கேள்விகளில் அடிக்கடி வருபவை இவைதான். எல்லாமே தமிழில் யோசித்து அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றுவதால் வருபவை.

'பற்றி': 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதத் தோன்றும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'வீ டிஸ்கஸ்ட் தி இஷ்யூ' போதும்.

'விட': 'என்னை விட சீனியர்' என்பதால் 'சீனியர் தேன் மீ' என்று வந்துவிடும். சரியானது 'சீனியர் டு மீ'. ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாவற்றுக்கும் 'டு'தான். 'காபியை விட டீ பிடிக்கும்' என்பதும் 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'தான்.

'கள்': தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவற்றுக்கு 'எஸ்' சேர்க்கக் கூடாது. இன்னொரு பக்கம், 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்று 'கள்' இல்லாமலே பேசுகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று வருகிறது. 'ஒன் ஆஃப்' வந்தால் பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்'.

'இல்லையா?': தமிழில் எந்த வாக்கியத்தின் கடைசியிலும் 'இல்லையா?' போடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் 'இஸ்ன்ட் இட்?' போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் முன்னால் உள்ள வினைக்கு ஏற்ப அது மாறும். 'யூ ஆர் கமிங்' என்றால் 'ஆர்ன்ட் யூ?'. 'ஐ ஆம் லேட்' என்றால் 'ஆர்ன்ட் ஐ?'. 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்றால்? ஹார்ட்லி என்பதே பாதி மறுப்பு. எனவே 'டஸ் ஹி?'.

'ஆமா, சாப்பிடல': "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்' வந்தால் பின்னால் மறுப்பு வரக் கூடாது. 'நோ, ஐ டிட்ன்ட்' என்பதே சரி. தேர்வை விட இன்டர்வியூவில்தான் இது அதிகமாக மாட்டிவிடும்.

5. ரெண்டுமே சரியாக இருந்தால்?

அப்படியும் நடக்கும். 'தி டீம் இஸ்' என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 'தி டீம் ஆர்' என்றும் எழுதுவார்கள். 'நன் ஆஃப் தெம்' என்பதோடு இஸ், ஆர் இரண்டையும் ஏற்கும் இலக்கண நூல்கள் உண்டு. எனவே யூடியூப்பில் ஒருவர் ஒன்று சொல்லி, புத்தகம் வேறு சொன்னால் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தமில்லை. மொழியே அங்கே இரண்டு வழியாகப் பிரிகிறது.

இந்த மாதிரி இடத்தில் நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பழைய வினாத்தாள்களையும் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்புகளையும் பாருங்கள். அந்தத் தேர்வு எந்த வழியில் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

இப்போ நீங்களே ட்ரை பண்ணுங்க!

1. 'ஹி இஸ் ___ ஐஏஎஸ் ஆஃபீசர்': எ அல்லது ஆன்?
2. 'தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ___ ரெடி': இஸ் அல்லது ஆர்?
3. 'ஷி ஹாஸ் கம்ப்ளீட்டட் ஹெர் டிகிரி இன் 2022': தப்பு எங்கே?
4. 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி ப்ராப்ளம்': தப்பு எங்கே?
5. 'யூ ஹார்ட்லி நோ ஹிம், ___?': என்ன வரும்?

விடைகள்:

1. ஆன். 'ஐ' உயிரெழுத்து.
2. இஸ். விண்ணப்பதாரர்களின் 'பட்டியல்'தான் தயார்.
3. 'ஹாஸ்' வரக் கூடாது. 2022 முடிந்துபோன காலம், எனவே 'ஷி கம்ப்ளீட்டட்'.
4. 'அபவுட்' தேவையில்லை.
5. டூ யூ?

ஐந்தில் மூன்று தப்பானாலும் கவலை வேண்டாம். விடையைப் பார்த்ததும் 'ஏன்' என்று புரிந்ததா என்பதுதான் முக்கியம். பயிற்சித் தாளில் தப்பாகும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், 'தமிழ்ல யோசிச்சதால தப்பாச்சா, தமிழ்ல யோசிக்காததால தப்பாச்சா?' என்று ஒரு வரி குறித்துவையுங்கள். கொஞ்ச நாளில் நீங்கள் திரும்பத் திரும்ப விழும் இடம் எது என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

தமிழ் மீடியத்தில் படித்தது இந்தப் பகுதியில் குறை இல்லை. எழுவாய், வேற்றுமை உருபு, உயிர், உயிர்மெய் என்று பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் தூசு தட்டினால் போதும். எக்ஸாம் ஹாலில் அதுவும் உங்களோடு வரும்.