தவிட்டோடு போகும் சத்து

மில்லிலே நெல்லைப் போட்டுவிட்டு, "இன்னும் வெள்ளையாத் தீட்டுங்க" என்கிறோம். அதற்கு முன் இந்த வரலாற்றைக் கேளுங்கள்.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் ஜாவாத் தீவில் பெரிபெரி நோய். கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் பலவீனப்பட்டு ஜனங்கள் மடிந்தார்கள். டச்சு டாக்டர் எய்க்மான் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளும் தள்ளாடி விழுந்தன. தீட்டிய அரிசிச் சோறு தின்றபோது நோய். தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் குணம்! 1897-ல் வெளிவந்த போர்டர்மானின் கணக்கெடுப்பும் அதையே சொன்னது: வெள்ளை அரிசி போட்ட சிறைகளில்தான் நோய் மிகுதி.

மலேயாவில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் இந்நோய்க்குப் பலியானார்கள். புழுங்கலரிசி உண்ட நம் தமிழ்த் தொழிலாளருக்கோ அது அபூர்வம். ஏன் தெரியுமா? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அந்தச் சத்தை 1926-ல் பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே, வீட்டுச் சாப்பாட்டு நெல்லை அளவோடு தீட்டுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். சத்தில் ஒரு பங்கு அதிலேதான் போகிறது.