நாட்டின் பெயர் தாங்கிய வில்லன் நடிகர்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் கதாநாயகர்களின் பெயர்கள் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படுகின்றன. அவர்களை எதிர்த்து நின்று, அவர்தம் வீரத்துக்கே பொருள் தந்த வில்லன் நடிகர்களோ அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றனர். ஆயினும், இராவணன் இல்லாமல் இராமகாதை ஏது? பி. எஸ். வீரப்பாவின் இடிச்சிரிப்பையும், எம். என். நம்பியாரின் கனல் கக்கும் பார்வையையும், எம். ஆர். ராதாவின் ஏற்ற இறக்கக் குரலையும் நீக்கிவிட்டால், அக்காலப் படங்கள் பல உயிரற்ற ஓவியங்களாகிவிடும். அந்த வரிசையில் மலேசியத் தமிழர் உரிமையோடு சேர்க்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. அது மலேசியா வாசுதேவன் என்னும் பெயர்.

பாடகர் என்றே உலகம் அவரை அறியும். அவர் முதலில் நடிகர் என்பதை அறிந்தோர் சிலரே.

1944ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், சப்பானியர் ஆட்சியின் கீழ் மலாயா அல்லலுற்ற காலத்தில், இந்நாட்டில் குடியேறிய மலையாளக் குடும்பமொன்றில் வாசுதேவன் பிறந்தார். மலேசியா என்ற நாடு 1963இல் உருவானபோது அவருக்கு வயது பத்தொன்பது. தம்மினும் இளைய ஒரு நாட்டின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் தாங்கினார் அவர். வீட்டு மொழி மலையாளமாயினும், கலைமொழி தமிழாயிற்று. தோட்டங்களிலும் இரயில்வேயிலும் தமிழரும் மலையாளிகளும் அண்டை அயலாராய் வாழ்ந்த நாட்டில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்நாளில் மேடை நாடகம் மக்களின் கலையாக விளங்கிற்று. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் இரயில்வே குடியிருப்புகளிலும், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் கோயில் திருவிழா என்றால் மேடையும் நாடகமும் உண்டு. பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் ஒத்திகை பார்த்தனர். கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் கேட்குமாறு வசனம் பேச வேண்டும். அதுவே மேடையின் முதல் பாடம். இத்தகைய மலேசியத் தமிழ் நாடக உலகில்தான் வாசுதேவன் நடிகராக வளர்ந்தார். மலேசியத் தமிழர் தயாரித்த ‘இரத்தப் பேய்’ என்னும் படத்திலும் நடித்தார்.

சென்னை சென்ற அவரைக் குரல் வாழ வைத்தது. 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’, இளையராஜாவின் இசையில் அவரைப் புகழேணியில் ஏற்றிற்று. ‘முரட்டுக்காளை’ (1980) படத்தில் ரஜினிகாந்துக்காக அவர் பாடிய பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது.

ஆனால் அவருடைய கலையின் முழு உருவத்தைக் காட்டிய ஆண்டு 1985. அவ்வாண்டில் பாரதிராஜா இயக்கிய ‘ஒரு கைதியின் டைரி’யில் அவர் அரசியல்வாதி சூரியப்பிரகாசமாகத் தோன்றினார். தன்னைத் தெய்வமாகப் போற்றிய தொண்டனின் மனைவிக்குத் தீங்கிழைத்து, அத்தொண்டனையே சிறைக்கு அனுப்பும் கொடியவன் அவன். பழைய வில்லன்களைப் போல் வாளேந்தவில்லை, சாட்டை சுழற்றவில்லை. மக்கள் நம்பும் தலைவனின் தோற்றமே அவனுக்குப் போர்வை. நம்பிக்கைத் துரோகத்தை மலர்ந்த முகத்தோடு செய்பவனைக் கண்டு அரங்கம் நடுங்கியது. அதே ஆண்டில், அதே இயக்குநரின் ‘முதல் மரியாதை’யில், சிவாஜி கணேசன் ஏற்ற முதியவரின் உள்ளத் துயரெல்லாம் வாசுதேவனின் குரலில்தான் கசிந்தது. ஒரு படத்தில் வெறுப்பைத் தேடித் தந்த அதே தொண்டை, மறு படத்தில் கண்ணீரை வரவழைத்தது. மேடையில் பண்பட்ட நடிகன் பாடகனுக்குள் வாழ்ந்ததனால் அன்றோ இது இயன்றது!

மணிவண்ணனின் ‘முதல் வசந்தம்’ (1986) முதலிய படங்களிலும் அவர் நடித்தார். அதே 1986இல், கோலாலம்பூரில் பிறந்து ‘காதலிக்க நேரமில்லை’ (1964) வழியாகக் காதல் நாயகனாகப் புகழ்பெற்ற ரவிச்சந்திரனும் ‘ஊமை விழிகள்’ படத்தில் அஞ்சத்தக்க வில்லனாக மாறினார். இந்த மண்ணில் பிறந்த இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழகத் திரையில் தீமைக்கு முகம் தந்தனர். இருவரும் 2011ஆம் ஆண்டிலேயே சென்னையில் மறைந்தனர். பக்கவாதத்தால் பாட முடியாமல் தளர்ந்திருந்த வாசுதேவன் பிப்ரவரி 20ஆம் நாளும், ரவிச்சந்திரன் ஜூலைத் திங்களிலும் விடைபெற்றனர்.

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் வாசுதேவனின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. குரலுக்குப் பதிவு உண்டு. அக்குரலைப் பழக்கிய மேடைக்குப் பதிவில்லை. நாடகம் திரை விழுந்ததும் காற்றோடு கலந்துவிடும் கலை. கண்டவர்களின் நினைவே அதற்கு ஏடு. அந்த ஏடுகளும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. பழைய அழைப்பிதழ்களையும் புகைப்படங்களையும் மூத்தோர் நினைவுகளையும் தொகுத்து, இந்நாட்டுத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவது காலத்தின் கட்டாயம். நாட்டின் பெயரை அவர் மறவாமல் சுமந்தார். அவரை நடிகராக்கிய மேடையை நாடு மறத்தல் அழகன்று.