பிளஸ் டூ ஆங்கிலத் தாள்: மெட்ரிகுலேஷன் முதல் இன்றுவரை

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தாளின் வேர், 1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு நன்றாக முடிந்ததா என்று பார்ப்பது அந்தத் தேர்வின் நோக்கம் அல்ல. கல்லூரிக்குள் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்வதே அதன் வேலை. ஆங்கிலம் அதில் ஒரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. மற்றப் பாடங்களைப் படிக்கும் மொழியாகவும் இருந்தது. ஆங்கிலத்தில் தவறியவருக்கு மற்றவற்றில் எவ்வளவு மதிப்பெண் இருந்தும் பயனில்லை.

மெட்ரிகுலேஷனுக்கு அடுத்த படி எஃப்.ஏ. என்ற இரண்டாண்டுப் படிப்பு. இன்றைய பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு நிகரான வயதில் மாணவர்கள் அதைப் படித்தார்கள். அங்கும் அதே கெடுபிடிதான். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து முயன்றும் எஃப்.ஏ. தேறவில்லை; அங்கே உடலியங்கியலிலும் தவறினார். கணக்கில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைக் கொண்டு ஆங்கிலக் குறையை ஈடுகட்ட விதியில் இடமில்லை.

1910-களின் தொடக்கத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்துக்கு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. பெயர்கள் மாறின, ஆங்கிலத் தாளின் உள்ளடக்கம் அதிகம் மாறவில்லை: செய்யுள், உரைநடை, பொருள் சுருக்கி எழுதுதல், இலக்கணம், கட்டுரை. முதலில் நெஸ்ஃபீல்டின் இலக்கண நூலும், 1930-களுக்குப் பிறகு ரென் அண்ட் மார்ட்டினும் மாணவர் கையில் புழங்கின. ரென் அண்ட் மார்ட்டின் இன்றும் கடைகளில் விற்கிறது.

உண்மையான மாற்றம் தாளுக்கு வெளியே நடந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி பரவியதும் ஆங்கிலம் பாடமொழி என்ற இடத்திலிருந்து இறங்கி, பல பாடங்களில் ஒன்றாக ஆனது. ஆனால் கல்லூரி ஆங்கிலத்திலேயே நின்றது. 1956 வாக்கில் இண்டர்மீடியட் கைவிடப்பட்டு கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பான பி.யு.சி. வந்தபோது இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. பதினோராம் வகுப்புவரை தமிழில் இயற்பியல் படித்த மாணவர், சில மாதங்களில் அதையே ஆங்கில விரிவுரையில் பின்தொடர வேண்டியிருந்தது. முதல் பருவம் முழுவதும் குறிப்பெடுக்கத் திணறுவதிலேயே போய்விடும். இரண்டாம் பருவத்தில் தேர்வு வந்து நிற்கும். பி.யு.சி.யில் தோற்றுப் படிப்பை விட்டவர்கள் கிராமப்புறக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு.

1968 ஜனவரியில் அண்ணாதுரை ஆட்சியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே பள்ளியில் இருக்கும் என்றானபின், ஆங்கிலத்தைத் தவிர்க்க எந்த மாணவருக்கும் வழியில்லை. கோத்தாரிக் குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 அமைப்பைத் தமிழ்நாடு 1978-இல் ஏற்றது. பி.யு.சி. ஒழிந்து, அதன் பாடங்கள் பள்ளிக்குள் வந்தன. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது.

அந்த அமைப்பு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது. மொத்தம் 1,200 மதிப்பெண். அதில் தமிழுக்கு 200, ஆங்கிலத்துக்கு 200. ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் எனப் பிரிந்தது. முதல் தாள் பாடநூலைச் சார்ந்தது: உரைநடை, செய்யுள், சொல்வளம், இலக்கணம். செய்யுளில் இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் வினா ஒன்று தவறாமல் வரும். கவிதையின் பெயரையும் கவிஞர் பெயரையும் சரியாக எழுதிவிட்டாலே ஒரு பகுதி மதிப்பெண் கைக்கு வந்துவிடும் என்பதால், வரியின் பொருள் பிடிபடாதவர்களும் அதை விடமாட்டார்கள்.

இரண்டாம் தாள் வேறு மாதிரி. துணைப்பாடக் கதைகள் போக, எஞ்சியதெல்லாம் அன்றாடப் பயன்பாட்டு ஆங்கிலம்: படித்துப் புரிந்து விடையளித்தல், குறிப்பெடுத்தல், வாக்கியப் பிழை கண்டறிதல், விளம்பர வாசகத்தைப் பொருளோடு பொருத்துதல், கடிதம், பொதுக் கட்டுரை. சிறு வரைபடத்தைக் கொடுத்து, ரயில் நிலையத்திலிருந்து நூலகத்துக்கு வழி சொல்லும்படி கேட்பார்கள். நேராகப் போ, இடப்புறம் திரும்பு, வங்கியைத் தாண்டு என்று நான்கு வாக்கியம் எழுதினால் போதும். கடிதத்தில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்பதால் தமிழ்நாடு முழுவதும் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’ என்பவர் ‘ஒய் ஒய் ஒய்’ என்பவருக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பயன்பாட்டுத் திறனைச் சோதிக்க வந்த இவ்வினாக்களையும் மாதிரி விடை வைத்து மனப்பாடம் செய்ய வழிகாட்டி நூல்கள் கற்றுக்கொடுத்துவிட்டன. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்பதை ‘புளூபிரிண்ட்’ முன்கூட்டியே சொல்லிவிட்டதால், எதை விடலாம் என்ற கணக்கும் வகுப்பறையிலேயே நடந்தது.

இந்தத் தாளில் ஒரு சமத்துவம் இருந்தது. அதே இடத்தில் ஓர் அநீதியும் இருந்தது. பத்தாம் வகுப்புவரை ஆங்கிலவழித் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் வேறு. 2010-11-க்குப் பிறகே சமச்சீர் கல்வி அதைச் சேர்த்தது. ஆனால் மேல்நிலையில் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் ஒரே ஆங்கில வினாத்தாள். மழலையர் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் படித்தவரும், பத்தாண்டு தமிழ்வழியில் படித்தவரும் ஒரே காலையில் அதே கேள்விகளுக்கு விடை எழுதினார்கள்.

இதற்கிடையில் ஆங்கில மதிப்பெண்ணின் செல்வாக்கு சரிந்தது. பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான ‘கட்-ஆஃப்’ கணக்கில் முதன்மைப் பாடங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. கலை அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாட மதிப்பெண் கணக்கில் வராது. மாநில ரேங்க் பட்டியலில் இடம்பிடிக்க நினைத்தவர்களுக்குத்தான் ஆங்கிலத்தின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் தேவைப்பட்டது. மற்றவர்களுக்குத் தேர்ச்சி போதும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்ன காலத்தில், ஆங்கிலத் தாள் மேசையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பேச்சைச் சோதிக்கும் வினா அதில் இல்லாததால், பெற்றோர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டினார்கள்.

2017-இல் மாநில அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திவந்ததைத் தடுக்க, 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் 100, மொத்தம் 600 என மதிப்பெண் சுருங்கியது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தின் இரு தாள்கள் ஒன்றாயின. அகமதிப்பீட்டுக்கு 10 போக, எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு: ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் வினா 7, மூன்று மதிப்பெண் வினா 7, ஐந்து மதிப்பெண் வினா 7. புளூபிரிண்ட் கிடையாது என்றும் அறிவிக்கப்பட்டது.

புதிய பாடநூல்கள் பிளஸ் ஒன்னுக்கு 2018-லும் பிளஸ் டூவுக்கு 2019-லும் வந்தன. பழைய பழக்கப்படி டென்னிசனும் ஷேக்ஸ்பியரும் இருக்கிறார்கள். அவர்களோடு கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ ஆங்கில மொழிபெயர்ப்பில் பிளஸ் டூ உரைநடையாக வந்திருக்கிறது. பிளஸ் ஒன் நூலில் மேரி கோமின் தன்வரலாற்றுப் பகுதியும், குலோத்துங்கன் கவிதையும், அண்ணாதுரையின் பட்டமளிப்பு விழா உரையும் உண்டு. கரிசல்காட்டுக் கதையை ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் விடை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கதைக்களம் தெரிந்திருப்பதால் மொழியில் மட்டும் கவனம் வைத்தால் போதும் என்ற சௌகரியம் மாணவருக்கு உண்டு.

2021-இல் கொரோனா காரணமாகப் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்ற கணக்கில் மதிப்பெண் வழங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிட்டது. பிளஸ் ஒன் தேர்வு மீண்டும் பள்ளியின் பொறுப்புக்குப் போனது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிடும் பழைய வழக்கம் திரும்புமா என்ற கேள்வி ஆசிரியர்களிடையே உடனே எழுந்தது.