வயிற்றறைவழி டயாலிசிசும் குழாய்த் தொற்றும்: மணப்பாட்டுக் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றறைக்குள் நீர்மத்தைச் செலுத்தி, அங்குள்ள சவ்வின் வழியே குருதிக் கழிவை வெளியேற்றும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கேயார்க் கான்டர் 1923இல் மனிதரிடம் முயன்றார். அது நீடித்த சிகிச்சையாக நிலைபெற அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் பெருந்தடையாக நின்றது தொற்றே.

சியாட்டிலில் ஹென்றி டெங்காஃப் 1968இல் அறிமுகப்படுத்திய சிலிக்கோன் குழாயில் இரு டேக்ரான் பட்டைகள் இருந்தன. உடல் திசு அவற்றினுள் வளர்ந்து பற்றுவதால் குழாய் அசையாது. கிருமி உட்செல்லும் தடமும் அடைபடும். சிறு மாறுதல்களுடன் அவ்வடிவமே இன்றும் வழக்கிலுள்ளது. 1976இல் டெக்சாசில் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் நோயாளி நடமாடியவாறே மேற்கொள்ளும் தொடர்முறையை முன்வைத்தனர். ஆனால் கண்ணாடிப் புட்டிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வாயில் திறந்தது. டொரன்டோவில் ஒரியோபூலோஸ் நெகிழிப் பைகளைக் கையாண்டார். பின்னர் இத்தாலியில் புவான்கிறிஸ்தியானி ஒய் வடிவ இணைப்பை உருவாக்கினார். புதிய நீர்மம் வயிற்றுக்குள் செல்லுமுன் இணைப்பைக் கழுவி வெளியேற்றுவதே அதன் உத்தி. சவ்வழற்சியைக் குறைத்ததில் இவ்வெளிய மாற்றத்தின் பங்கு எந்தப் புதிய மருந்துக்கும் குறைந்ததன்று.

இந்தியாவில் இச்சிகிச்சை 1991இல் தொடங்கியது. நாளொன்றுக்கு நான்கு பரிமாற்றம் எனில் ஆண்டுக்கு 1,460 முறை இணைப்பைத் திறந்து மூடுவது நோயாளியின் கை, அல்லது வீட்டாரின் கை. பன்னாட்டு வயிற்றறைவழி டயாலிசிஸ் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40 முறைக்கு மேல் சவ்வழற்சி நேரலாகாது என்கிறது; அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை.

இணைப்பின் இடர் குறைந்தபின் எஞ்சியது, குழாய் வெளிவரும் தோல்வாய். திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாடு போன்ற ஊரில் இதன் பொருள் வேறு. வெப்பமும் ஈரக்காற்றும் வியர்வையும் மணலும் அங்கே அன்றாடம். குளம், ஆறு, கடல் ஆகியவற்றின் நீர் தோல்வாயில் படலாகாது என்பது பொதுவான அறிவுரை. நகரத்து நோயாளிக்கு அது ஒரு பொழுதுபோக்கின் இழப்பு; வலையும் வள்ளமுமாக வாழ்பவருக்குப் பிழைப்பின் இழப்பு. பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் முன்னவரையே மனத்தில் கொண்டவை.

நாள்தோறும் தோல்வாயைத் துப்புரவாக்கி முபிரோசின் களிம்பு இடுதல், குழாய் இழுபடாதவாறு ஒட்டுதல், சீழ் கண்டால் மாதிரியெடுத்துக் கிருமியறிந்து மருந்து தருதல் ஆகியவை நிறுவப்பட்ட நடைமுறைகள். பொன்னிறக் கொத்துக்கோளக் கிருமியும் சூடோமோனாசும் எளிதில் அகலா. தொற்று உட்பட்டைவரை பரவினாலோ அதே கிருமியால் சவ்வழற்சி நேர்ந்தாலோ குழாயையே அகற்ற நேரிடும். அதன்பின் குருதிவழி டயாலிசிசுக்காக வாரம் இரண்டு மூன்று முறை மையம் நோக்கிப் பயணம், நாட்கூலி இழப்பு, உடன் செல்பவரின் வேலையிழப்பு.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்நீர்மப் பைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்க வகைசெய்கிறது. பையோடு வரும் பணியாளர் தோல்வாயைப் பார்வையிட்டு, கைகழுவும் முறையையும் மறுபடி கற்பிப்பாராயின், பல தொற்றுகள் சிவப்பு நிலையிலேயே அகப்படும்.