குடிநீங்கா நிலம்

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். சோழ அரசில் அமைச்சராக இருந்த அவர், காவிரி நாட்டுத் திருநாகேசுவரத்தின்மீது கொண்ட பற்றினால், அப்பெயரிலேயே தம் ஊரிலும் ஒரு கோயிலை எழுப்பினார் என்பது மரபு. வடநாகேசுவரம் என வழங்கும் அக்கோயில் இன்றும் இங்கே இருக்கிறது. சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் இடையே அன்று அமைச்சர் ஒருவர் போய்வந்தார். இன்று அதே நாட்டிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் மாற்றுப்பணி நேரங்களில் உழைத்துவிட்டு, அறைக்கு நான்கைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள்.

அப்படி வந்த ஒருவரின் தம்பி என்னிடம் படித்தார். பெரியபுராண வகுப்பில் திருநாகேசுவரம் பற்றிய பேச்சு வந்தபோது, தம் ஊர் அதற்குப் பக்கம் என்றார். வகுப்பு முடிந்தபின் பேச்சு நிலத்தின்மேல் சென்றது. “எங்கள் வயலுக்கு அடியில் குழாய் போகிறது ஐயா. நிலம் எங்களுடையதுதான். ஆனால் குழாய்க்கு மேலே கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது” என்றார். “அப்படியானால் அது எப்படி உங்களுடையது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கான விளக்கத்தைப் பின்னர் ஒரு சட்டத்தில் கண்டேன்.

1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அறிவிக்கை வெளியானதும் ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. குழாய் பதிந்தபின் உரிமையாளர் பழையபடி பயிரிடலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் ஆகியவை மட்டும் கூடா. பயிர்ச் சேதத்துக்கான தொகை தனி. உரிமை இழப்புக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. பட்டா உரியவர் பெயரிலேயே இருக்கும்.

கல்வெட்டுப் படிப்பில் பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதிய ஏற்பாடாகத் தோன்றாது. சோழர் கால நிலக்கொடைகளில் ‘குடிநீக்கி’, ‘குடிநீங்கா’ என்னும் இரு சொற்கள் வருகின்றன. முன்பிருந்த குடிகளை விலக்கிவிட்டு நிலத்தைக் கோயிலுக்கு அளிப்பது ஒன்று. அவர்களை அங்கேயே இருத்தி, அந்நிலத்தின் வருவாயைக் கோயிலுக்கு மாற்றுவது மற்றொன்று. குழாய்ச் சட்டமும் குடிநீங்கா வகையைச் சேர்ந்ததே எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. கோயிலுக்குப் போனது விளைச்சலின் பங்கு; குழாய்க்குப் போவது நிலத்தின் எதிர்காலம். இன்று நெல் விளையும் வயலில் நாளை கிணறோ தென்னையோ மகனுக்கு ஒரு வீடோ வேண்டுமானால், அதற்கு அங்கே இடமில்லை.

இந்த நுட்பத்தை முதலில் உரக்கக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் கொங்கு நாட்டு உழவர்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விளைநிலங்களைக் கடக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. 2013இல் தமிழக அரசும் அதையே சொன்னது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை நீக்கியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இதற்கிடையே, 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உழவர்களின் அச்சத்தை வெறும் கற்பனை என்று யாரும் ஒதுக்க முடியவில்லை.

காவிரிப் படுகையில் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்த நம்மாழ்வார், அந்தப் பயணத்தின்போதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகில் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் பலர் இளைஞர்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிக் கலைந்த தலைமுறைக்கு, அடுத்த மாதமே நெடுவாசல் காத்திருந்தது. பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதுக்கோட்டை மாவட்டத்து அச்சிற்றூர் போராட்டக் களமாயிற்று. ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது. நெற்கதிரால் கூரை வேயப்பட்டதால் கதிர்வேய்ந்த மங்கலம் என்று பெயர் பெற்றதாகக் கம்பரோடு சேர்த்துச் செவிவழிக் கதை சொல்லும் ஊர் அது. இப்போராட்டங்களை ஆதரித்துச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி ஒருவர், அடுத்த மாதம் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது.

இதற்கு ஓராண்டு முன்பு, 2016இல், அமெரிக்காவின் டகோட்டா சமவெளியிலும் இளையோரே முன்னே நின்றனர். ஸ்டாண்டிங் ராக் பூர்வகுடி இளைஞர்கள், தங்கள் குடிநீர் ஆற்றுக்கு அடியில் செல்லவிருந்த எண்ணெய்க் குழாயைத் தடுக்க வேண்டி, வாஷிங்டன் வரை ஏறத்தாழ 2,000 மைல் தொடரோட்டமாக ஓடினார்கள். குழாய் செல்லும் இடம் அவர்களுடைய காப்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது நிறுவனம். 1851 ஒப்பந்தப்படி அது எங்கள் மூதாதையர் நிலம் என்றனர் அவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. ஆட்சி மாறியது, 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அங்கும் ஆவணத்தின் எல்லைக்கோடு ஒன்றாகவும் வாழ்க்கையின் எல்லைக்கோடு வேறாகவும் இருந்தன.

எனினும் அவர்களோடு நம்மை அப்படியே பொருத்திக்கொள்வது சரியாகாது. ‘மூதாதையர் நிலம்’ என்று நாம் சொல்லும்போது யாருடைய மூதாதையர் என்ற கேள்வி உடன் எழுகிறது. எங்கள் செங்கல்பட்டுச் சீமையின் காணியாட்சி உரிமையைப் பற்றி எல்லிஸ் 1818இல் விரிவாக எழுதினார். அந்தக் காணிகளில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களுக்குக் காணி இல்லை. 1890களில் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிகோலியது அவர்களின் அந்த நிலைதான். இன்றைய குழாய்ச் சட்டம் உரிமையாளரோடு அனுபவ உரிமை உள்ள பிறரையும் குறிப்பிடுகிறது. ஆயின் வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்? நடவுக்குப் போகும் பெண்ணுக்குக் காட்டவும் எதுவுமில்லை. நிலம் கெட்டால் முதலில் வேலை இழப்பவர் அவர்தான். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பட்டா உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். அவ்விளைஞர்கள் செய்த பெரிய காரியம் இது என்று கருதுகிறேன். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, அது யார் யாரை வாழவைக்கிறது என்ற கேள்வியை அவர்கள் முன்னே வைத்தார்கள்.

அதற்குப் பயனும் இருந்தது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. படுகையில் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வு தடைசெய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே நடந்துவருபவற்றை அச்சட்டம் தொடவில்லை. சாலை, துறைமுகம், மின்சாரம் முதலிய கட்டமைப்புகளோடு குழாய்வழிகளுக்கும் விலக்கு அளித்தது. கிணறு கூடாது, குழாய் ஆகும் என்பதே அதன் சாரம்.

என் மாணவர் படிப்பை முடித்ததும் அண்ணன் வேலை பார்க்கும் பகுதியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் பூட்டும் வண்டிகளுக்கும் எரிபொருள் எங்கிருந்தோ ஒரு குழாய் வழியாக வந்தாக வேண்டும். இதை அவரே என்னிடம் சொன்னார். ஊரில் வயலை அப்பா பார்த்துக்கொள்கிறார். பட்டா அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. அரசு ஆவணத்தின்படி அது இன்றும் குடிநீங்கா நிலமே. குடிதான் ஒவ்வொருவராக இரவுப் பேருந்து ஏறி வடநாகேசுவரத்து ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது.